மீட்டப்புக்கு ஆள் வரலையா? ஊர் நிரலாளர் குழுக்களுக்கான பிழை நீக்கும் வழிமுறை

நாலைந்து பேர் சேர்ந்து, சம்பளம் எதுவும் வாங்காமல், சொந்த ஊரில் ஒரு நிரலாளர் குழுவை நடத்தினால் ஏதாவது ஒன்று கோளாறு ஆகிக்கொண்டேதான் இருக்கும். அது லினக்ஸ் இயங்குதளப் பயனர் குழுவாக இருக்கலாம், பைத்தான் நிரல்மொழிக்கான மீட்டப்பாக (ஆர்வலர்கள் நேரில் கூடும் சந்திப்பு) இருக்கலாம். மாணவர்களும் வேலையில் இருப்பவர்களும் கலந்து சனிக்கிழமை கூடுகிற, இன்னும் பெயர் வைக்காத குழுவாகவும் இருக்கலாம். கூட்டம் குறைந்ததும் நடத்துகிறவர்கள் வாயில் முதலில் வருவது, “நம்ம ஊர்ல யாருக்கும் ஆர்வம் இல்லை” என்ற பேச்சு. புதுச்சேரியிலும் கடலூரிலும் இதை நிறையவே கேட்கிறேன். நிரல் ஓடவில்லை என்றால் பயனரைக் குறை சொல்வதற்கு முன் லாகை (நிரல் தன் ஓட்டத்தைப் பதிந்துவைக்கும் கோப்பு) திறந்து பார்க்கிறோம் அல்லவா, குழுவுக்கும் அதே மரியாதையைக் கொடுக்கலாம். பெரும்பாலும் கோளாறு நாளில் இருக்கும், அறையில் இருக்கும், பேருந்து நேரத்தில் இருக்கும், அல்லது எல்லாச் சாவியும் ஒரே ஆள் கையில் இருப்பதில் இருக்கும்.

கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் குழுவில் தெரிகிற அறிகுறியில் தொடங்குங்கள். ஒவ்வொன்றிலும் முதலில் சொல்லியிருப்பது செலவில்லாமல் சரிசெய்யக்கூடியது, அதனால் அந்த வரிசையிலேயே பாருங்கள்.

அறிகுறி: முதல் கூட்டத்துக்கு நாற்பது பேர், மூன்றாவதுக்கு ஆறு பேர்

முதலில் நாளைப் பாருங்கள். “இந்த மாதம் எப்போது வைக்கலாம்?” என்று ஒவ்வொரு முறையும் கேட்டு முடிவு செய்கிறீர்களா? அப்படியானால் அதுதான் கோளாறு. சென்னை பைத்தான் குழு மாதத்தின் நான்காவது சனிக்கிழமை கூடும். சென்னை லினக்ஸ் பயனர் குழுவுக்குப் பழக்கமான நாள் இரண்டாவது சனிக்கிழமை. காஞ்சிபுரம் லினக்ஸ் குழு ஞாயிறுதோறும் இணையவழியில் கூடுகிறது. இதில் ஒரு வசதி இருக்கிறது. ஒரு மாதம் வர முடியாமல் போனவர், யாரையும் கேட்காமலே அடுத்த கூட்டம் எப்போது என்று தெரிந்துகொள்கிறார். நாள் மாறிக்கொண்டே இருந்தால் ஒரு கூட்டத்தைத் தவறவிட்டவர் குழுவையே தவறவிடுவார்.

எந்த நாளை எடுப்பது என்பதில் நம் ஊருக்கென்று சில கணக்குகள் உண்டு. புதுச்சேரியில் சனி, ஞாயிறு மாலை என்றால் சென்னையிலிருந்தும் பெங்களூருவிலிருந்தும் வரும் சுற்றுலா வண்டிகள் கிழக்குக் கடற்கரைச் சாலையை அடைத்துக்கொள்ளும். ஊருக்குள் இருக்கும் பீச் ரோட்டில் மாலை 6 மணிக்கு மேல் வண்டி விடமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதியில் சண்டே மார்க்கெட். ஆகவே ஊரின் கிழக்குப் பக்கத்தில் மாலைக் கூட்டம் வைத்தால் லாஸ்பேட்டையிலிருந்து வருகிறவருக்கே அலுப்பாக இருக்கும், கடலூரிலிருந்து வருகிறவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சனிக்கிழமை காலை 10 முதல் 12.30 வரை என்பது இங்கே நன்றாக ஒத்துவருகிறது. வேலை நாளாக இருக்கும் கல்லூரிகளுக்கு மட்டும் அது இடிக்கும், அவர்களைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

விடுமுறைப் பட்டியலை இரண்டு அரசுகளுக்கும் பாருங்கள். ஆகஸ்ட் 16-உம் நவம்பர் 1-உம் புதுச்சேரியில் விடுமுறை, கடலூரில் இல்லை. “நாளைக்கு லீவுதானே” என்று புதுச்சேரிக்காரர் நினைத்து வைக்கிற கூட்டத்துக்குக் கடலூர் மாணவர் வகுப்பை விட்டு வர முடியாது.

அடுத்து பருவம். நவம்பர், டிசம்பரில் செமஸ்டர் தேர்வும் மழையும் சேர்ந்தே வரும். 2024 நவம்பர் 30, சனிக்கிழமை இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது, ஊர் தண்ணீரில் நின்றது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூரையும் புதுச்சேரியையும் புரட்டிப் போட்டது. இந்த இரண்டு மாதங்களில் கூட்டம் குறைந்தால் அதைக் குழுவின் தோல்வியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அப்போது இணையவழியில் ஒரு மணி நேரம் மட்டும் கூடுங்கள், ஆனால் நாளை மாற்றாதீர்கள். ஏப்ரல், மே தேர்வு மாதங்களுக்கும் இதே வழி.

இவையெல்லாம் சரியாக இருந்தும் ஆறு பேர்தானா? சரி, அப்போது அந்த நாற்பது என்ற எண்ணைத்தான் மறக்க வேண்டும். முதல் கூட்டத்துக்கு வந்தவர்களில் பலர் நண்பர் கூப்பிட்டதற்காக வந்தவர்கள், பேராசிரியர் அனுப்பியதற்காக வந்தவர்கள். மூன்றாவது முறையும் வந்த ஆறு பேர்தான் உங்கள் குழு. எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணுவதைவிட, எத்தனை பேர் இரண்டாம் முறை வந்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அந்த எண் மெல்ல ஏறினால் குழு நலமாக இருக்கிறது.

அறிகுறி: பெயர் கொடுப்பவர்களில் பாதிப் பேர் வருவதில்லை

இலவசக் கூட்டம் என்றால் இது எல்லா ஊரிலும் நடக்கும். அறுபது இருக்கைக்கு அறுபது பேரோடு பதிவை மூடாதீர்கள். இரண்டு நாள் முன்பும், அன்று காலையும் ஒரு செய்தி அனுப்புங்கள். அதில் தலைப்பை மறுபடி விளக்குவதைவிட வழியைச் சொல்வது பயன் தரும்: எந்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும், எந்த கேட், எந்த மாடி, வாசலில் யாருக்குப் போன் செய்ய வேண்டும். முதல் முறை வரும் ஒரு இரண்டாம் ஆண்டு மாணவி, கேட்டில் செக்யூரிட்டி “எங்கம்மா போற?” என்று கேட்டதும் திரும்பிப் போய்விடக்கூடும். வாசலில் நம் ஆள் ஒருவர் நின்றால் அது நடக்காது.

அறிகுறி: அறை கடைசி நேரத்தில் பறிபோகிறது

கல்லூரி செமினார் ஹால் கிடைப்பது எளிது, நிலைப்பது கஷ்டம். கல்லூரியின் சொந்த நிகழ்ச்சி ஒன்று வந்துவிட்டால் நம்மை ஒதுக்கிவிடுவார்கள், அதில் அவர்கள் மேல் தப்பில்லை. சரிசெய்ய வேண்டியது இரண்டு.

ஒன்று, ஒரு கூட்டத்துக்கு என்று கடிதம் கொடுக்காமல், ஆறு மாதத் தேதிகளைப் போட்டு ஒரே கடிதமாகத் துறைத்தலைவர் வழியாக முதல்வருக்குக் கொடுங்கள். அந்தக் கடிதத்திலேயே மூன்று விஷயங்கள் தெளிவாக இருக்க வேண்டும்: வெளிக் கல்லூரி மாணவர்களும் வேலையில் இருப்பவர்களும் வருவார்கள், கட்டணம் கிடையாது, ஹாலைப் பூட்டும்வரை பொறுப்பாக இருப்பவர் இவர். முதல் விஷயத்தை எழுதாமல் விட்டால் பிறகு “எங்க ஸ்டூடன்ட்ஸ் மட்டும்னா ஓகே” என்று நிற்பார்கள், அதோடு உங்கள் ஊர்க்குழு கல்லூரி கிளப்பாக மாறிவிடும். கல்லூரிக்குள் நமக்காகப் பேசும் ஒரு ஆசிரியர் இருந்தால் பாதி வேலை முடிந்தது. அவரைக் கூட்டத்துக்கும் கூப்பிடுங்கள், வெறும் அனுமதிக்கு மட்டும் தேடிப் போகாதீர்கள்.

இரண்டு, மாற்று இடம். காலாப்பட்டிலும் பிள்ளைச்சாவடியிலும் பெரிய வளாகங்கள் இருக்கின்றன, ஆனால் ஊருக்கு வெளியே. ஊருக்குள் சிறு மென்பொருள் அலுவலகங்கள் சனிக்கிழமை காலியாக இருக்கும். இருபது பேருக்கு அது போதும். பள்ளி கணினி ஆய்வகமும் கேட்டுப் பார்க்கலாம். லேப்டாப் தேவைப்படாத கூட்டம் என்றால் பாரதி பூங்காவில் மரத்தடியில்கூட உட்காரலாம், செலவும் இல்லை, அனுமதிக் கடிதமும் வேண்டாம். காபி ஷாப் மட்டும் வேண்டாம் என்பேன். வருகிற ஒவ்வொருவரும் ஏதாவது வாங்கியாக வேண்டும் என்ற கூச்சம், கையில் காசு குறைவாக இருக்கும் மாணவரை அடுத்த முறை வரவிடாது.

அறிகுறி: முதல் அரை மணி நேரம் ப்ரொஜெக்டரோடும் வைஃபையோடும் போகிறது

குழுவுக்கென்று ஒரு பை வைத்துக்கொள்ளுங்கள். எச்டிஎம்ஐ கேபிள், எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றும் அடாப்டர், டைப்-சி அடாப்டர், நீளமான எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இரண்டு, பென்டிரைவ் நாலு, வெள்ளைப் பலகை மார்க்கர். பழைய ஹால்களில் விஜிஏ மட்டும்தான் இருக்கும். பேச்சாளர் அரை மணி நேரம் முன்பே வந்து ஒருமுறை மாட்டிப் பார்த்துவிட வேண்டும்.

வைஃபை இல்லை என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். கல்லூரி வலையமைப்பில் வெளியாட்களுக்கு லாகின் கிடைக்காது, கிடைத்தாலும் பல போர்ட்டுகள் (எண்ணிட்ட இணைப்பு வாசல்கள்) மூடியிருக்கும். நிரல்களை வைத்துப் பகிரும் கிட்ஹப் தளத்துக்கு எஸ்எஸ்ஹெச் என்ற பாதுகாப்பான இணைப்பு வழியாக நிரலை அனுப்ப (புஷ் செய்ய) முடியவில்லை என்றால் 22-ஆம் போர்ட் மூடியிருக்கிறதா என்று பாருங்கள். கிட்ஹப் 443-ஆம் போர்ட்டிலும் எஸ்எஸ்ஹெச் இணைப்பை ஏற்கும், அமைப்புக் கோப்பில் சில வரிகள் மாற்றினால் போதும். பைத்தான் பயிற்சி என்றால் தேவையான தொகுப்புகளை ‘பிப் டவுன்லோட்’ கட்டளையால் முதல் நாள் இரவே இறக்கி, ஒரு லேப்டாப்பில் பைத்தானோடு வரும் சிறு வெப் சர்வரை ஓட்டி, ஹாட்ஸ்பாட்டில் எல்லோரும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஒருவர் ஹாட்ஸ்பாட்டின் டேட்டாவை முப்பது பேர் பங்குபோட்டால் பயிற்சி அங்கேயே முடிந்துவிடும்.

இன்ஸ்டால் ஃபெஸ்ட் (வருகிறவர்களின் லேப்டாப்பில் லினக்ஸ் நிறுவித் தரும் நாள்) வைப்பவர்கள் இந்தப் பகுதியை மிகக் கவனமாகப் படிக்க வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டதால் பழைய லேப்டாப்போடு வந்து லினக்ஸ் போட்டுத் தரச் சொல்பவர்கள் கூடியிருக்கிறார்கள். உபுண்டு என்ற லினக்ஸ் வகையின் டெஸ்க்டாப் ஐஎஸ்ஓ (நிறுவும் கோப்பு) இப்போது 5 ஜிபிக்கும் மேல். முப்பது பேர் தனித்தனியாக இறக்கினால் 150 ஜிபி. ஆகவே பென்டிரைவ்களில் தயாராக எடுத்துப் போங்கள். ஆனால் உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. அண்மைக்கால விண்டோஸ் லேப்டாப்பில் பிட்லாக்கர் குறியாக்கம் (டிரைவைப் பூட்டிவைக்கும் வசதி) பயனருக்கே தெரியாமல் இயங்கிக்கொண்டிருக்கலாம். ரெக்கவரி கீ கையில் இல்லாமல் பயாஸ் அமைப்பையோ பார்ட்டிஷனையோ (டிரைவின் பிரிவு) மாற்றினால், அடுத்த முறை விண்டோஸ் திறக்கும்போது அந்தக் கீயைக் கேட்டு நின்றுவிடும். கடைசி ஆண்டு புராஜெக்ட் முழுக்க அதற்குள் இருக்கும்.

அதனால் வரிசை இதுதான். முதலில் உரிமையாளரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் ரெக்கவரி கீ இருக்கிறதா என்று அவரையே பார்க்கச் சொல்லி, அதைத் தாளில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். அப்புறம் முக்கியமான கோப்புகளை வெளி டிரைவில் நகலெடுக்க வேண்டும். பிட்லாக்கரை அணைத்து, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் அணைத்த பிறகுதான் பார்ட்டிஷனைத் தொட வேண்டும். பேக்கப் இல்லாமல் வருகிறவர்களுக்கு அன்று இன்ஸ்டால் செய்யாதீர்கள், பென்டிரைவிலிருந்து லைவ்வாக ஓட்டிக் காட்டி அனுப்புங்கள். எவ்வளவு கெஞ்சினாலும் சரி. ஒரு மாணவியின் புராஜெக்ட் அழிந்துபோனால் அவர் மட்டுமல்ல, அவர் வகுப்பே லினக்ஸ் பக்கம் திரும்பாது.

அறிகுறி: மாதாமாதம் அதே மூவர்தான் பேசுகிறார்கள்

“யாராவது டாக் கொடுக்கிறீங்களா?” என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டால் ஒரு கையும் உயராது. காரணம் அறிவுக் குறைவு இல்லை. நாற்பத்தைந்து நிமிடம், ஆங்கிலத்தில், ஸ்லைடோடு, தன்னைவிடத் தெரிந்தவர்கள் முன்னால் நிற்க வேண்டும் என்ற நினைப்பு.

அந்த நினைப்பை உடையுங்கள். நேரத்தைப் பத்து நிமிடமாக்குங்கள். தமிழில் பேசுவதுதான் இங்கே இயல்பு என்று நடத்துகிறவரே தமிழில் பேசிக் காட்டுங்கள். கலைச்சொல் எதற்குத் தமிழ்ச் சொல் வரவில்லையோ அதை அப்படியே சொல்லிக்கொண்டு போகலாம். தமிழில் தொழில்நுட்பம் எழுத முடியும் என்பதைக் கணியம் மின்னிதழ் 2012 முதல் காட்டிவருகிறது. லினக்ஸ், மைஎஸ்கியூஎல், பைத்தான் எல்லாவற்றையும் நல்ல தமிழில் அங்கே படிக்கலாம். அதில் ஒரு கட்டுரையைப் படித்துச் செய்து பார்த்து, எங்கே சிக்கியது என்று சொன்னாலே ஒரு நல்ல பத்து நிமிடப் பேச்சு.

பொதுவாகக் கேட்காமல் ஒருவரைத் தனியாகக் கேளுங்கள், தலைப்பையும் நீங்களே கொடுங்கள். எனக்குப் பிடித்த தலைப்பு ஒன்று: பைத்தானில் ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளம் எவ்வளவு? நாம் எண்ணினால் மூன்று எழுத்து. பைத்தான் 5 என்று சொல்லும், ஏனென்றால் கணினி எழுத்துகளைக் குறிக்கும் யூனிகோடு முறையில் த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடுகள். அந்தச் சொல்லைத் தலைகீழாகத் திருப்பினால் புள்ளியும் கொக்கியும் இடம் மாறி வேறெதுவோ வரும். எழுத்தை எழுத்தாகவே எண்ண என்ன செய்ய வேண்டும் என்று தேடிப் போனால் தமிழ் எழுத்தைக் கையாளும் ஓப்பன்-தமிழ் நிரலகம் வரை போய்ச் சேரலாம். முதலாண்டு மாணவரும் இதைப் பேசலாம், பத்தாண்டு அனுபவமுள்ளவரும் உட்கார்ந்து கேட்பார்.

இன்னொன்று ஓப்பன்ஸ்ட்ரீட்மேப், யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடம். புதுச்சேரி ஒயிட் டவுன் தெருப் பலகைகளில் பிரெஞ்சுப் பெயரும் தமிழ்ப் பெயரும் இருக்கின்றன. அந்த வரைபடத்தில் ஒவ்வொரு மொழிக்கும் தனிப் பெயர்ப் புலம் உண்டு. எந்தத் தெருவுக்குத் தமிழ்ப் பெயர் விடுபட்டிருக்கிறது என்று பார்த்து, காலையில் நடந்துபோய்ப் பலகையைப் பார்த்துச் சேர்த்துவிட்டு வந்து, மதியம் அந்தத் தரவை நிரல் மூலம் இறக்கிப் பட்டியலிடலாம். கடலூரில் செய்வதென்றால் திருப்பாதிரிப்புலியூர், மஞ்சக்குப்பம் பேருந்து நிறுத்தங்களைக் குறிக்கலாம். நம் தெருவைப் பற்றிப் பேசுகிறவரை யாரும் “இது தெரியாதா உனக்கு” என்று மடக்க முடியாது. அந்தத் தைரியத்தில் இரண்டாவது பேச்சு தானாக வரும்.

பேச்சு முடிந்ததும் மூத்தவர்கள் கேள்வி கேட்கிற விதத்தையும் பாருங்கள். “நீ சொன்னது தப்பு, நான் சொல்றேன்” என்று எழுந்து ஐந்து நிமிடம் பேசுகிறவர் ஒருவர் இருந்தால் போதும், அடுத்த ஆறு மாதத்துக்குப் புதுப் பேச்சாளர் கிடைக்கமாட்டார். அவரிடம் தனியாக, மரியாதையோடு, “அண்ணா, திருத்தம் இருந்தா அப்புறமா அவங்ககிட்ட நேர்ல சொல்லிடுங்க” என்று சொல்லிவிடுங்கள். பெரும்பாலானவர்கள் புரிந்துகொள்கிறார்கள்.

அறிகுறி: “எல்லாம் யூடியூப்ல இருக்கே, எதுக்கு வரணும்?”

நியாயமான கேள்வி. உங்கள் கூட்டம் முழுக்க ஒருவர் பேசி மற்றவர்கள் கேட்பதாக இருந்தால் வீட்டிலிருந்தே பார்த்துவிடலாம் என்பது உண்மை. கோளாறு கூட்டத்தின் வடிவத்தில் இருக்கிறது.

பயனர் குழுக்கள் தொடங்கியதே விரிவுரைக்காக இல்லை. 1955-இல் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் ஐபிஎம் 701 கணினி வைத்திருந்தவர்கள் ‘ஷேர்’ என்ற குழுவைத் தொடங்கினார்கள். அவரவர் எழுதிய நிரல்களைப் பகிர்ந்துகொண்டால் எல்லோரும் அதையே முதலிலிருந்து எழுத வேண்டியதில்லை என்பதுதான் நோக்கம். 1975 மார்ச் 5-இல் கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் ஒரு வீட்டுக் கராஜில் ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப் முதல்முறையாகக் கூடியது. பிற்பாடு ஆப்பிளைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் வாஸ்னியாக் அந்தக் கூட்டத்துக்கு வந்தவர்களில் ஒருவர். பிறகு அந்தக் கிளப்பின் கூட்டங்களில் ஒரு பகுதி, ஒவ்வொருவராக எழுந்து தன்னிடம் என்ன இருக்கிறது, தனக்கு என்ன வேண்டும் என்று சொல்வது. அடுத்த பகுதியில் யார் யாரோடு பேச வேண்டுமோ அவர்களைத் தேடிப் போய்ப் பேசுவார்கள்.

இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். கூட்டத்தின் தொடக்கத்தில் ஆளுக்கு ஒரு நிமிடம்: இப்போது எதில் வேலை செய்கிறேன், எங்கே சிக்கியிருக்கிறேன், எதில் உதவ முடியும். பத்து நிமிடப் பேச்சுகள் இரண்டு. அப்புறம் ஒரு மணி நேரம் லேப்டாப்பைத் திறந்து, சிக்கியவர்களுக்குப் பக்கத்தில் தெரிந்தவர்கள் உட்கார வேண்டும். ஏஐ கருவியைக் கேட்டு நிரல் எழுதுகிற மாணவர்களுக்கு இது இன்னும் முக்கியமாகிவிட்டது. நிரல் வந்துவிடுகிறது, அது ஏன் ஓடுகிறது என்று தெரிவதில்லை, நேர்காணலில் அதைத்தான் கேட்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து “இந்த வரியை எடுத்துட்டா என்ன ஆகும்?” என்று கேட்க ஒருவர் கிடைப்பது பெரிய விஷயம்.

அறிகுறி: சர்டிஃபிகேட் உண்டா, ஓ.டி. (வகுப்புக்கு வராவிட்டாலும் வருகை தரும் அனுமதி) கிடைக்குமா, பிளேஸ்மென்ட் உண்டா

இதைக் கேட்டதும் முகம் சுளிக்கிற, குழு நடத்துகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நம் மாவட்டங்களில் வருகிற மாணவர்களில் பலர் அவர்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குள் போனவர்கள். கல்விக் கடன் இருக்கும். வேலை கிடைக்குமா என்று கேட்பது அவர்கள் உரிமை.

வருகைக்கு மட்டும் சர்டிஃபிகேட் கொடுக்காதீர்கள். கொடுத்தால் அறை நிரம்பும், வேலை நடக்காது. அதற்குப் பதிலாக யாரும் எடுத்துத் திருத்தக்கூடிய ஏதாவது ஒரு கட்டற்ற மென்பொருளில் அவர்கள் செய்த திருத்தம் ஏற்கப்பட்டால், அதுவே அவர்கள் பெயரோடு பொதுவெளியில் நிற்கும் சான்று என்று காட்டுங்கள். மொழிபெயர்ப்புத் திருத்தமாக இருந்தாலும் சரி. மூன்று மாதத்துக்கு ஒரு கூட்டத்தை ரெஸ்யூமே பார்ப்பதற்கும் மாதிரி நேர்காணலுக்கும் ஒதுக்குங்கள். வேலையில் இருப்பவர்கள் இதற்கு மனமுவந்து வருவார்கள், அவர்கள் தயங்குவதெல்லாம் ஸ்லைடு தயாரிக்கத்தான். ஒரு விதி மட்டும் கண்டிப்பாக வேண்டும்: பணம் கட்டினால் வேலை என்று சொல்லும் பயிற்சி நிறுவனம் எதையும் குழுவுக்குள் விடாதீர்கள்.

அறிகுறி: பெண்கள் ஒருமுறை வருகிறார்கள், மறுமுறை வருவதில்லை

முதலில் கூட்டம் முடியும் நேரம். 7.30-க்கு முடிந்தால் ஹாஸ்டல் கேட் மூடுவதற்குள் போக முடியுமா? புதுச்சேரியிலிருந்து கடலூர் இருபது கிலோமீட்டருக்கு மேல், பேருந்தில் ஒரு மணி நேரம் ஆகலாம். இறங்கிய பிறகு அங்கிருந்து வீடு. காலைக் கூட்டம் இதை ஒரே அடியில் தீர்க்கிறது. அறையில் கழிப்பறை திறந்திருக்கிறதா, உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறதா என்று ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். விடுமுறை நாளில் பல கல்லூரிகளில் அதைப் பூட்டி வைத்திருப்பார்கள்.

அடுத்து போன் நம்பர். வாட்ஸ்அப் குழுவில் சேர்த்ததும் ஒரு பெண்ணின் நம்பர் இருநூறு பேருக்குத் தெரிந்துவிடுகிறது. அன்று இரவே யாராவது “ஹாய்” அனுப்பியிருப்பார். அவர் யாரிடமும் சொல்லாமல் வெளியேறிவிடுவார், நீங்கள் ஆர்வம் இல்லை என்று நினைத்துக்கொள்வீர்கள். வாட்ஸ்அப் கம்யூனிட்டியின் அறிவிப்புக் குழுவில் உறுப்பினர்களின் நம்பர் மற்ற உறுப்பினர்களுக்குத் தெரியாது, டெலிகிராமில் நம்பரை மறைக்க அமைப்பு இருக்கிறது. இரண்டில் ஒன்றுக்கு மாறுங்கள். படம் எடுப்பதற்கு முன் கேளுங்கள், வேண்டாம் என்பவர்கள் உட்கார ஒரு வரிசையை ஒதுக்கிவிடுங்கள்.

நடத்தை விதிகளை எழுதி வைப்பது நல்லது, ஆனால் காகிதம் மட்டும் போதாது. புகார் சொல்ல இரண்டு பேரின் பெயரும் எண்ணும் ஒவ்வொரு கூட்டத்தின் தொடக்கத்திலும் சொல்லப்பட வேண்டும், அவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். புகார் வந்தால் எத்தனை மூத்தவராக இருந்தாலும் நடவடிக்கை எடுப்பீர்களா என்று நடத்துகிறவர்கள் முன்கூட்டியே உட்கார்ந்து பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். அப்புறம், பெண்களை வரவேற்புரைக்கும் நன்றியுரைக்கும் மட்டும் மேடையேற்றுவதை நிறுத்துங்கள்.

அறிகுறி: பணத்தைப் பற்றி முணுமுணுப்பு

மாதம் நடக்கும் கூட்டத்துக்குத் தேநீரும் பிஸ்கட்டும் தவிரச் செலவு வராதபடி பார்த்துக்கொள்வதே நல்லது. வசூலித்தால் வரவு செலவை அன்றே குழுவில் போட்டுவிடுங்கள், பத்து ரூபாயாக இருந்தாலும். ஒருவரின் சொந்த யுபிஐ கணக்கில் பெரிய தொகை வாங்கும் நிலை வந்தால், அப்போது சங்கமாகப் பதிவு செய்வதைப் பற்றி யோசிக்கலாம். புதுச்சேரியில் 1860-ஆம் ஆண்டின் சங்கப் பதிவுச் சட்டம், கடலூரில் தமிழ்நாட்டின் 1975-ஆம் ஆண்டுச் சட்டம், இரண்டிலும் குறைந்தது 7 பேர் வேண்டும். பதிவு செய்தால் ஆண்டுதோறும் கணக்குத் தாக்கல் செய்ய ஆள் வேண்டும், அதை யார் செய்வார் என்று தெரியாமல் பதிவு செய்யாதீர்கள்.

அறிகுறி: ஒருவர் வேலை கிடைத்து ஊரைவிட்டுப் போனதும் குழு நின்றுவிடுகிறது

நம் பக்கத்துக் குழுக்கள் நிற்பதற்கு இதுதான் முதல் காரணம் என்று நினைக்கிறேன். நன்றாக ஓடவைத்தவர் கடைசி ஆண்டு மாணவர். ஜூன் மாதம் சென்னைக்கோ பெங்களூருவுக்கோ போய்விடுகிறார். ஜூலையில் அறை கேட்க யாருக்கும் அந்த ஆசிரியரின் எண் தெரியாது. ஆகஸ்டில் டொமைன் (குழுத் தளத்தின் இணையப் பெயர்) புதுப்பிக்கும் மின்னஞ்சல் அவருடைய பழைய கல்லூரி முகவரிக்குப் போகிறது, அந்த முகவரியைக் கல்லூரி மூடியிருக்கும்.

பொறுப்பு மாற்றுவதை மே மாதத்துக்கு வைக்காதீர்கள், அப்போது எல்லோரும் தேர்விலும் பிரிவுபசார விழாவிலும் இருப்பார்கள். ஜனவரியிலேயே இரண்டாம் ஆண்டு மாணவர்கள் இருவரை நடத்துகிறவர்களோடு சேர்த்துவிடுங்கள். பிப்ரவரி, மார்ச் கூட்டங்களை அவர்களே நடத்தட்டும், பழையவர் பின்வரிசையில் உட்காரட்டும். ஏதாவது தடுமாறினால் திருத்த அவர் ஊரிலேயே இருக்கிறார் என்பதுதான் இதில் உள்ள பயன்.

ஒவ்வொரு சாவிக்கும் இரண்டு பேர் வேண்டும். டொமைன், குழு மின்னஞ்சல், கிட்ஹப் கணக்கு, வாட்ஸ்அப் நிர்வாகி, அறைக்கான தொடர்பு, கேபிள் பை யார் வீட்டில் இருக்கிறது என்பது வரை. கடவுச்சொற்களை பிட்வார்டன் அல்லது கீபாஸ் போன்ற ஒன்றில் போட்டுப் பகிர்ந்துகொள்ளுங்கள். டொமைனைத் தனியாளின் முகவரியில் பதிவு செய்திருந்தால் இன்றே குழு முகவரிக்கு மாற்றுங்கள். வாட்ஸ்அப்பில் இருக்கும் ஒரே நிர்வாகி வெளியேறினால் உறுப்பினர்களில் யாராவது ஒருவருக்கு அந்தப் பொறுப்பு தானாகப் போய்விடும், அவர் யாரென்றே உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம்.

மாணவர்கள் மட்டுமே நடத்தினால் இந்தக் கோளாறு நான்கு ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். ஊரைவிட்டுப் போகாதவர்களைத் தேடுங்கள். கல்லூரி ஆசிரியர்கள், உள்ளூர் நிறுவனங்களில் இருப்பவர்கள், அரசுத் துறைகளில் கணினிப் பிரிவில் இருப்பவர்கள். 2020-க்குப் பிறகு வீட்டிலிருந்தே வேலை என்று முத்தியால்பேட்டைக்கும் வில்லியனூருக்கும் நெல்லிக்குப்பத்துக்கும் திரும்பி வந்தவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு ஊரில் தொழில் பேச ஆள் இல்லை. அவர்களுக்கும் இந்தக் குழு தேவை. முன்பு குழுவை நடத்திவிட்டு ஊரைவிட்டுப் போனவரையும் விட்டுவிடாதீர்கள், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வரும்போது ஒரு பேச்சு கேட்டு வாங்குங்கள்.

அறிகுறி: ஆறு மாதமாகக் கூட்டமே இல்லை

புதுப் பெயர், புது லோகோ, பெரிய தொடக்க விழா எதுவும் வேண்டாம். மூன்று பேர் கிடைத்தால் போதும். பழைய நாளில், பழைய இடத்தில், இரண்டு மணி நேரம் லேப்டாப்போடு உட்கார்ந்து அவரவர் சிக்கலைப் பார்க்கிறோம் என்று மட்டும் அறிவியுங்கள். மூன்று மாதம் இப்படி நடந்த பிறகு பேச்சுகளைச் சேர்க்கலாம்.

மூன்று பேரும் கிடைக்கவில்லையா, அப்போது பக்கத்துக் குழுக்களுக்குப் போங்கள். புதுச்சேரியிலேயே கட்டற்ற மென்பொருள் இயக்கத்தவர் இருக்கிறார்கள். விழுப்புரத்தில் லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது, நாற்பது கிலோமீட்டர்தான். காஞ்சிபுரம் குழுவின் ஞாயிறு சந்திப்பில் வீட்டிலிருந்தே கலந்துகொள்ளலாம். செப்டம்பர் மூன்றாவது சனிக்கிழமை மென்பொருள் விடுதலை நாள், அந்தச் சமயத்தில் எங்காவது ஒரு நிகழ்ச்சி இருக்கும், அங்கே உங்கள் ஊர்க்காரர் ஒருவரைச் சந்திக்க வாய்ப்பு அதிகம்.

அதுவும் சரிப்படவில்லை என்றால் குழுவை முறையாக மூடிவிடலாம், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. கையில் மிச்சப் பணம் இருந்தால் கணக்கைக் காட்டிவிட்டு, உறுப்பினர்களைக் கேட்டு இன்னொரு குழுவுக்குக் கொடுத்துவிடுங்கள். ப்ரொஜெக்டரும் கேபிள் பையும் அவர்களுக்கே போகட்டும். வந்தவர்களின் பெயர், எண் பட்டியலை யாருக்கும் கொடுக்காமல் அழித்துவிடுங்கள். ஸ்லைடுகளையும் நிரல்களையும் கிட்ஹப்பில் ஆர்க்கைவ் செய்து பொதுவில் விடுங்கள். டொமைனை இன்னும் ஓராண்டுக்குப் புதுப்பித்து, குழு மூடப்பட்டது, அருகில் இந்தக் குழுக்கள் கூடுகின்றன, திரும்பத் தொடங்க விரும்புகிறவர் இந்த முகவரிக்கு எழுதலாம் என்று ஒரே பக்கத்தை மட்டும் வைத்துவிடுங்கள்.